தெரிந்த சொல்லைத் தேடப் பட்டியல் எதற்கு?

காலைக் காபி ஆனதும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, செல்போனில் ஐந்து கட்டங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இப்போது பல வீடுகளில் உண்டு. வேர்டில் என்ற விளையாட்டு. ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து சரி, இடம் வேறு என்றால் மஞ்சள். இரண்டும் இல்லை என்றால் சாம்பல்.

விளையாட்டின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நானும் ஆடுகிறவன்தான். ஆனால் நாலாவது முயற்சியில் மாட்டிக்கொண்டதும் நம்மவர்கள் பலர் கூகுளுக்குப் போய், "நடுவில் ஏ, கடைசியில் இ வரும் ஐந்தெழுத்துச் சொற்கள்" என்று தட்டுகிறார்கள். பட்டியல் வரிசையாக வந்து நிற்கிறது. அதில் ஒன்றை எடுத்துப் போட்டு, பச்சைக் கட்டங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காட்டுகிறார்கள். பேரன் கட்டைவிரலைத் தூக்குகிறான். இது வேண்டாம் என்பது என் கட்சி.

"ஆங்கிலம் நம்ம பாஷையா சார்? கொஞ்சம் பார்த்துக்கிட்டா என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டு பிறந்த கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஜோஷ் வார்டில் என்பவர் நியூயார்க்கில் தன் துணைவியோடு ஆடுவதற்காக இதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தன. துணைவி உட்கார்ந்து, தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் பிரித்துக் கொடுத்தார். சுமார் 2,500 சொற்கள் தேறின. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. ஆக, விடை என்பது அகராதியின் மூலையில் கிடக்கும் அபூர்வச் சொல் அல்ல. பெரும்பாலும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான். அது நம் தலைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே போய்த் தேடுவானேன்?

சொல் வரவில்லை என்றால் யோசிக்க வழிகள் உண்டு. எழுத்துகளுக்கும் குணம் இருக்கிறது. அந்தக் காலத் தந்தியில் இ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. காரணம், ஆங்கிலத்தில் அதுதான் அதிகம் வரும். ஸ்கிராபிள் பலகை விளையாட்டிலும் 100 வில்லைகளில் இ மட்டும் 12, கியூ ஒன்றே ஒன்று. அதை உண்டாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாளை வைத்து எழுத்துகளை எண்ணித்தான் இந்தக் கணக்குக்கு வந்தார். இந்த ஒரு ஞானம் போதும், முதல் சொல்லை நன்றாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று. கடைசி நான்கு எழுத்துகள் ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டால் சிலர் குதிப்பார்கள். அங்கேதான் வலை. நைட், லைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எட்டு என்று பொருள்படும் எய்ட். எட்டுச் சொற்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டால் முயற்சிகள் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் "ஃபிலிம்ஸ்" என்று ஒரு சொல்லைப் போடுங்கள். விடை அது இல்லை என்று தெரிந்தேதான். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வீச்சில் சோதித்தாகிவிடும். ஒரு முயற்சியை வேண்டுமென்றே செலவழித்து நாலு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது. இப்படி யோசிக்கிற சுகத்தைப் பட்டியல் தருமா?

பட்டியலே தப்பு என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அந்த மொழிச் சொற்களை உருப்போட்டே ஜெயித்தார். பொருள் தெரியாவிட்டாலும் உழைப்பு அவருடையது, நினைவும் அவருடையது. ஆட்டத்தின் நடுவே எட்டிப் பார்ப்பது அந்த ரகம் இல்லை. தமிழ் வழியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் ஸ்பெல்லிங் பழகப் பட்டியலைப் படித்தால் நல்லதுதான். நாமும் ஆட்டம் முடிந்த பிறகு பார்க்கலாம். பார்த்தால் கூடவே அகராதியையும் பாருங்கள். மேங்கோ ஐந்தெழுத்து. நம் மாங்காய்தான் போர்ச்சுகீசியர் வாய்வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. பீட்டல் ஐந்தெழுத்து, நம் வெற்றிலை, மலையாளக் கரை வழியாகக் கப்பலேறியது. கறியும் கர்ரி என்று ஐந்தெழுத்தாகப் போய் நிற்கிறது. வெறும் பட்டியலில் இவை மூன்று வரிகள், அவ்வளவே.

இதில் எனக்குள்ள கவலை விளையாட்டைப் பற்றியது மட்டும் அல்ல. நம் வயதில் பெயர்கள் மறக்கின்றன. "அந்தப் படத்திலே நடிச்சாரே, அவர் பேர்..." என்று நாக்கு நுனியில் நிற்கிறது. முன்பெல்லாம் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். குளிக்கும்போது தானாக வந்து விழும். இப்போது பத்து விநாடி பொறுப்பதில்லை, போனை எடுத்துவிடுகிறோம். மறதியைவிட மறந்துவிடுமோ என்ற பயம்தான் நம்மை அவசரப்படுத்துகிறது. நம் தலையை நாமே நம்பாமல் போனால் வேறு யார் நம்புவார்கள்?

வேர்டிலில் ஒரு நாளைக்கு ஒரே புதிர். அதற்கு நேரக் கெடுவும் கிடையாது. காலையில் மாட்டிக்கொண்டால் போனை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள். மத்தியானம் ஒரு சொல் வந்தாலும் வரும். வரவில்லையா, ஆறிலும் தோற்றதை அப்படியே குழுவில் போடுங்கள். தாத்தா தோற்றார் என்று பேரனுக்கும் ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டுமே.