ஆளில்லாத ஊர் என்று யார் சொன்னது?

திருவனந்தபுரத்தில் கரமனைப் பாலத்துக்கு அடியில் ஓடும் ஆறு அகத்தியமலைச் சரிவில் பிறக்கிறது. பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரையில் நகரத்தின் குடிநீர்க் குழாய்களுக்குப் பங்கு கொடுத்து, திருவல்லத்தைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. 68 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறது போணக்காடு. நெடுமங்காடு, விதுர வழியாக ஏறினால் வனத்துறைச் சோதனைச்சாவடி, அதற்கப்பால் காடேறிப்போன தேயிலைத் தோட்டம், மூடிய ஆலை, மேட்டில் வெள்ளைக்கார மேலாளர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு பங்களா. தோட்டத்துக் கணக்கில் அது '25 ஜிபி'. கேரளம் முழுக்க அதற்கு இன்று வழங்கும் பெயர் பேய் பங்களா.

அந்தப் பெயரைத் தேடித்தான் இளைஞர்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் நுழைந்து படமெடுப்பது இப்போது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. போணக்காட்டிலும் அதற்கென்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. மேலாளரின் சின்ன மகள் அங்கே இறந்தாளாம், குடும்பம் சீமைக்குத் திரும்பியதாம், விறகு பொறுக்கப் போன தோட்டத்துச் சிறுமி ஒருத்தி திடீரென்று ஆங்கிலம் பேசினாளாம். இந்தக் கதையை முன்னால் வைத்து, இருட்டில் டார்ச் அடித்து, பெயர்ந்த கதவையும் கரி பிடித்த அடுப்பையும் காட்டி, 'மனித நடமாட்டமே இல்லாத இடம்' என்று முடிக்கிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் பொய். இந்தத் தலையங்கம் அந்தப் பொய்யைப் பற்றியது.

போணக்காட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். பங்களாவிலிருந்து கண்ணுக்கெட்டும் சரிவுகளில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கின்றன. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். தோட்டம் நொடித்தபோது அவர்கள் சம்பளம் நின்றது; கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் நிலுவையாயின. ஆலை மூடியது. கூரை ஒழுகும் லயத்தை விட்டுப் போக முடியாததற்குக் காரணம் மலை மேலுள்ள பாசம் மட்டுமல்ல. வெளியேறிவிட்டால் வரவேண்டிய பாக்கிக்கு வழியில்லாமல் போய்விடுமோ என்ற பயமும்தான். இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருக்க வீடும் மருத்துவமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் முதலாளியின் பொறுப்பு என்று எழுதி வைத்தது. போணக்காட்டு லயங்களின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டம் மலையேறி எவ்வளவு தூரம் வந்தது என்பது தெரியும்.

'படம்தானே எடுக்கிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. ஆளில்லாத தோட்டத்தில் யாருக்கும் பாக்கி இருக்க முடியாது. ஆளில்லாத ஊருக்குப் பேருந்து வேண்டாம், மருத்துவர் வேண்டாம், கூரைக்கு ஓடு வேண்டாம். லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒரு படம் 'இங்கே யாரும் இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கூலி கொடுக்காமல் போனவர்களுக்கும் அதைக் கண்டும் காணாமல் இருந்தவர்களுக்கும் அதைவிட வசதியான சாட்சியம் வேறில்லை. படமெடுத்தவர் அதை நினைத்துச் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் பங்களாவுக்குப் போகிற வழியில் லயங்களைக் கடந்துதான் போயிருக்கிறார். அங்கே வழி கேட்டிருப்பார், தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார். பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்த மனிதர்களை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைத் தொகுத்திருக்கிறார். அதை அறியாமை என்று மன்னிக்க நம்மால் முடியவில்லை.

தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த இடங்களுக்கு இது புதிதும் அல்ல. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கி, தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் தங்கம் வெட்டிய இடம் அது. இன்றைக்கும் அங்கே துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களைப் படமெடுக்க வருகிறவர்கள், அதே ஊரிலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறிக் கூலி வேலைக்குப் போகும் கூட்டத்தைக் காட்டுவதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1988இல் மூடிய மிச்சிகன் மத்திய ரயில் நிலையத்தின் உடைந்த சன்னல்கள் உலகப் புகழ் பெற்றன. அதைச் சுற்றி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் நகரத்தைச் செத்ததாகக் காட்டாதீர்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அந்த நிலையமே 2024இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திறந்தது.

பாழடைந்த கட்டடத்தைப் படமெடுப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் வாசலில் நடப்பதற்கே நாம் கண்ணை மூடிக்கொண்டவர்கள் ஆவோம். கரமனை அக்கிரகாரத் தெருக்களில் திண்ணையும் முற்றமும் மர உத்தரமும் கொண்ட வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்புகிறது. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து ஆற்றங்கரையில் குடியேறிய ஒரு தமிழ்ச் சமூகம் எப்படி வீடு கட்டியது, எங்கே உரல் போட்டது, எந்த மாடத்தில் விளக்கு வைத்தது என்பதை, இடிப்பதற்கு முன்பாக யாராவது பொறுமையாகப் படமெடுத்து வைத்தால் அது தொண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டு, பகலில் போய், அளவெடுத்து, யார் வாழ்ந்தார்கள் என்று எழுதி வைக்கிற அந்த வேலைக்கு ஆட்கள் கிடைப்பதில்லை. பூட்டை நெம்பி நள்ளிரவில் நுழைவதற்குக் கிடைக்கிறார்கள்.

நுழைவதைப் பற்றியும் ஒரு சொல். பூட்டிய வீடு இன்னொருவர் உடைமை. அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சம்ஹிதையின் 329ஆம் பிரிவின்படி குற்றம். வீடு பாழடைந்திருப்பது அனுமதி ஆகாது. போணக்காட்டில் இன்னொன்றும் உண்டு. அது பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய நிலம். இரவில் யானையும் காட்டெருமையும் நடமாடும் வழி. வழி தவறியவர்களைத் தேடி இருட்டில் இறங்க வேண்டியவர்கள் வனக்காவலர்களும் லயத்துக்காரர்களும்தான். ராஜஸ்தானத்தில் பான்கட் கோட்டைக்குச் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு யாரும் போகக் கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. பேய்க் கதைக்கு மசிந்து அல்ல, இடத்தையும் வருகிறவர்களையும் காப்பாற்ற. போணக்காட்டுப் பங்களாவுக்கும் அப்படி ஒரு பலகையும் ஒரு காவலாளும் வேண்டும். அந்தக் காவல் வேலையை லயத்தில் இருப்பவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கலாம்.

அங்கிருந்து ஒரு பழைய கைப்பிடி, ஒரு தரை ஓடு என்று எடுத்து வருகிறவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அது திருட்டு. சுவரில் காதலியின் பெயரைச் செதுக்குவது நாசவேலை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் அறுபதாண்டு கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது. அதன் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுப் பிழைக்கின்றன. அங்கும் 'பேய் நகரம்' என்று தலைப்பிட்டு அவர்களை அழித்துவிடுகிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லய வரிசைகள் புதைந்தன. எழுபது பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த லயங்கள் எப்படி இருந்தன என்று நாடு பார்த்தது. கேமராக்கள் அதற்கு முன்னால் போயிருக்க வேண்டிய இடம் அது. போணக்காட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் அகத்தியர்கூடம் ஏறப் போகிற கூட்டமும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. எனவே கருவிக்கோ ஆர்வத்துக்கோ குறைவில்லை. பங்களாவுக்குப் போகிறவர் முதலில் லயத்துக்குப் போகட்டும். கேட்டுவிட்டு எடுக்கட்டும். படத்தின் கீழே அங்கே வாழ்கிறவர்கள் எத்தனை காலமாகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதட்டும். பேய்க் கதை சொல்லிச் சம்பாதித்த பழைய படங்களை, 'மனித நடமாட்டம் இல்லாத இடம்' என்று சொன்னவர்களே திருத்த வேண்டும். திருத்த மனமில்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

அரசின் கடமை இதைவிடப் பெரியது. பங்களாவைச் சுற்றுலாத் தலமாக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆக்கட்டும், எதிர்ப்பில்லை. ஆனால் ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வரவேண்டிய சம்பளம், கிராஜுவிட்டி, பிஎஃப் எவ்வளவு என்று கணக்கெடுத்து விதுர பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்குரியதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். லயங்கள் நிற்கிற நிலத்துக்கு அங்கேயே குடியிருப்பவர்கள் பெயரில் பட்டா தர வேண்டும். தேயிலைத் தோட்டத்து நிலத்தை விற்றோ ஏலம்விட்டோ வருகிற பணத்தில் கடன் கொடுத்த வங்கிக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் கொழுந்து பறித்தவர்கள். இந்தக் கணக்கை எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்பதைத் தொழிலாளர் துறை பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.