அஸ்திவாரத்தில் வராத நோட்டீஸ்

மகனுக்கு விவாகம் நிச்சயமானதும் மொட்டை மாடியில் ஓர் அறையும் அதையொட்டி ஒரு குளியலறையும் எழுப்பிவிட வேண்டும் என்று தீர்மானிக்கிற குடும்பஸ்தர், மேஸ்திரியின் கூலியையும் கம்பி விலையையும் சென்ட்ரிங் பலகை வாடகையையும் விசாரிப்பதில் காட்டுகிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட அனுமதிப் பத்திரத்தின் விஷயத்தில் காட்டுவதில்லை. நம் மனை, நம் பணம், யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவருடைய தைரியம். அந்தத் தைரியம் தளம் போட்டு, பூச்சு வேலை முடிந்து, கிரகப்பிரவேசப் பத்திரிகை உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேரும் வரையில் அவரைக் கைவிடுவதுமில்லை. அதற்குப் பிறகுதான் நகராட்சியிலிருந்தோ, சென்னையானால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலிருந்தோ, அனுமதியின்றிக் கட்டிய பகுதியை அகற்றும்படி நோட்டீஸ் வந்து கதவில் ஒட்டப்படுகிறது.

இத்தனை மாதங்கள் தெருவில் மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தபோது கண்ணில் படாத கட்டடம் இப்போது மட்டும் எப்படிப் பட்டது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வியே. பெரும்பாலும் அதற்கு விடை அடுத்த வீட்டில் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே சுவர் எழும்பியதால் காற்றையும் வெளிச்சத்தையும் இழந்தவரோ, வேறு ஏதோ பழைய மனஸ்தாபத்தை நெஞ்சில் வைத்திருந்தவரோ கொடுத்த மனுவின் பலனாகவே அந்த நோட்டீஸ் பிறந்திருக்கும். 2019ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சிறிய குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று விலக்களித்திருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டமோ, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீட்டுக்கு, அலுவலகப் படி ஏறாமலே இணைய வழியாக அனுமதி கிடைக்கச் செய்திருக்கிறது. இரண்டும் ஜனங்களுக்குச் சௌகரியமானவை; நான் அவற்றை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சர்க்காரின் கண் விலகிக்கொண்ட இடத்தில் அயலாரின் கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதையும், விரோதத்தைத் தூதனாகக் கொண்டு நடமாடும் சட்டத்தினிடம் யாருக்கும் மரியாதை உண்டாகாது என்பதையும் அந்தச் சௌகரியத்தோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோட்டீஸ் கைக்கு வந்தவர் முதலில் செய்ய வேண்டியது அதை நிதானமாக வாசிப்பதே. நம்மவர் செய்வதோ அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கவுன்சிலரைத் தெரிந்தவர் ஒருவரைத் தேடிக்கொண்டு போவது. 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்வது. 56ஆவது பிரிவு கட்டி முடித்ததை அகற்றவோ, அனுமதிக்கு இணங்கத் திருத்தவோ சொல்வது. அந்த 56ஆவது பிரிவுக்குள்ளேயே, கட்டியதை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று விண்ணப்பிக்கும் உரிமையும், அந்த விண்ணப்பம் முடிவாகும் வரையில் நோட்டீஸ் செயலற்று நிற்கும் என்ற பாதுகாப்பும் இருக்கின்றன. பூட்டி முத்திரையிடும் நடவடிக்கை வந்தாலும் 80-ஏ பிரிவின்படி அரசிடம் முறையிட வழியுண்டு. இவ்வளவு பரிகாரங்களைச் சட்டமே தன் வாயால் சொல்லியிருக்க, தரகரின் வாய்வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, குறித்த அவகாசம் கழிந்த பிறகு வக்கீலிடம் ஓடுகிறவர்களை என்னவென்று சொல்வது? அதைவிட அவிவேகம், வேலையை நிறுத்து என்று எழுதி வந்த பிறகு, விளக்குப் போட்டு இரவில் கான்கிரீட் கொட்டுவது. நோட்டீஸுக்கு முன் செய்தது அறியாமை என்றாவது வாதாடலாம். பின் செய்ததற்கு எந்த அதிகாரியும் எந்த நீதிபதியும் இரக்கம் காட்ட முடியாது.

உண்மையான பரிகாரம் அளவு நாடாவில் ஆரம்பிக்கிறது. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, நிற்கிற கட்டடத்தை உள்ளபடியே வரைந்து, அனுமதி பெற்ற பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குற்றம் என்று ஒரே பெயரில் பயமுறுத்திய விஷயம் பல துண்டுகளாகப் பிரிந்துவிடும். விதிகள் அனுமதிக்கும் தளப்பரப்புக் குறியீட்டுக்குள் அடங்கி, சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியும் குறையாமல் இருந்து, அனுமதி மட்டும் கேட்கப்படாத அறைக்குத் திருத்திய வரைபடமும் கட்டணமும் போதும். பக்கத்து இடைவெளியை விழுங்கிய படிக்கட்டும், தெருவுக்கு மேலே நீட்டிய பால்கனியும் அப்படித் தப்ப மாட்டா. அவற்றைத் தாமே வெட்டி எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்து, எடுக்கவும் செய்கிறவருக்கு மற்றப் பகுதியைப் பற்றிப் பேசும் யோக்கியதை உண்டாகிறது. மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்பதில்லை: ஒரு மாடிக்கென்று போட்ட அஸ்திவாரமும் தூண்களும் இந்த இரண்டாவது மாடியைத் தாங்குமா என்பதுதான் அது. அனுமதியைவிட முக்கியமான இந்தக் கேள்வி நோட்டீஸின் வாசகத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

அனுமதித்தாள் மட்டும் வீட்டைத் தாங்கிவிடுமா என்று இங்கே கேட்பவர் உண்டு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைக் கொண்டுபோன பதினொரு மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்ததே என்று அவர் சுட்டிக்காட்டுவதும் உண்மையே. அனுமதி இருந்தும் நேரில் பார்த்துச் சோதிப்பது பயனற்றுப்போனால் என்ன நேரும் என்பதையல்லவா அது காட்டுகிறது? சோதனையும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் இருந்துவிட்டால் பத்திரம் என்று அதிலிருந்து தேறாது.

ஜனங்களை மட்டும் குறை சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிடவும் என் மனம் ஒப்பவில்லை. விதிமீறலைப் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பாடத்தைக் கற்பித்ததே சர்க்கார்தான். 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு என்று 113-ஏ பிரிவின்படி வந்த வரன்முறைச் சலுகையை, ஒரே ஒருமுறை செய்கிற ஏற்பாடு என்ற காரணத்துக்காகவே உச்ச நீதிமன்றம் 2000ஆம் வருஷம் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அந்தத் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அதோடும் நிற்காமல், 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்காக 2012இல் 113-சி என்ற புதிய பிரிவு பிறந்தது. கோயில் உண்டியலில் காணிக்கை போட்டுவிட்டு மறுபடியும் அதே தவற்றைச் செய்கிறவனைப் போல ஜனங்கள் நடந்துகொண்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? விதிப்படி இடம் விட்டு, அறையைக் குறுக்கிக் கட்டிய சாதுவான மனிதர்தான் ஒவ்வொரு சலுகையின்போதும் தாம் ஏமாந்துபோனதாக உணர்கிறார். அவருக்காக எந்த அரசாணையும் வெளிவந்ததாக நான் அறியேன்.

இனி நீதிமன்றங்களின் போக்கும் கடினமாகி வருகிறது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், பதினைந்து நாள் முன்னறிவிப்பும் நேரில் விசாரணையும் இல்லாமல் யாருடைய கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்று பிரஜைக்குக் காப்பளித்தது. தெரு, நடைபாதை, நீர்நிலை முதலியவற்றை ஆக்கிரமித்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. அடுத்த மாதம் 17ஆம் தேதி வந்த மற்றொரு தீர்ப்பு, நெடுங்காலம் நின்றுவிட்டது என்பதாலோ, ஏராளமாகச் செலவழித்தாயிற்று என்பதாலோ, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதாலோ சட்டவிரோதக் கட்டடம் சட்டப்படியானதாக ஆகிவிடாது என்று முடிவு சொல்லிவிட்டது. நம்மவர் சொல்லும் சமாதானங்கள் அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பதால், நோட்டீஸை அலட்சியம் செய்கிறவருக்கு ஒதுங்க நிழலில்லை.

ஆகவே சட்டத்தைக் கடுமையாக்குவதைவிட அதன் வருகையை முன்கூட்டிச் செய்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். கடைக்கால் தோண்டிச் சுவர் தரைமட்டத்துக்கு வந்த நாளில், உள்ளாட்சியின் உதவிப் பொறியாளர் நாடாவோடு வந்து நான்கு பக்கமும் அளந்து கையெழுத்திட்டுப் போக வேண்டும் என்ற நியதியைச் சிறு வீடுகளுக்கும் விதிக்க வேண்டும். பழைய வீட்டின்மேல் மாடி எழுப்புகிறவர்களுக்குத் தூண் கம்பி கட்டுகிற நாளில் அந்தப் பார்வை நடக்கட்டும். இரண்டடி தவறியிருந்தால் அன்றைக்குக் கலைத்துக் கட்ட ஆகிற செலவு இரண்டு கொத்தனார்களின் ஒருநாள் கூலி. வந்து பார்க்காத அதிகாரி அதற்கு எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு மீறல் தெரியவந்தால், வீட்டுக்காரருக்குப் போகிற நோட்டீஸின் நகல் ஒன்று கையெழுத்திட்ட அதிகாரியின் பெயருக்கும் போக வேண்டும்.