சந்தா கட்டுமுன் கணக்குப் பாருங்கள்!

தேகப் பயிற்சி நிலையத்துக்குச் சந்தா கட்டலாமா? தோழர்களே, கணக்குப் பார்ப்போம்!

அமெரிக்காவில் மூன்று நிலையங்களின் வருகைப் பதிவை ஆராய்ந்த இரு பொருளாதார நிபுணர்கள் 2006-ல் வெளியிட்ட முடிவு என்ன? மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாகப் போனது 4.3 முறைதான்! ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் முறைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும்.

பணம் கட்டும் நாளில் இருக்கும் ஆசை, வேலை முடிந்து களைத்த மாலையில் இருப்பதில்லை. அந்த ஆசைதான் முதலாளியின் மூலதனம்!

ராத்திரி ஷிப்டு பார்ப்பவரும், நாளெல்லாம் நாற்று நடுபவரும் எத்தனை நாள் போக முடியும்? அந்த நாட்களால் சந்தாவை வகுத்துப் பாருங்கள். நமக்கு முதல் தேவை ஓய்வும் வயிறார உணவும். அடுத்தது, ஊருக்கு ஊர் பொது மைதானம். அதைக் கேட்டுப் பெறுவோம்!