கைப்பேசி நல்ல ஒலிவாங்கிதான். ஆனால் ஒலி கணினிக்கு எவ்வழியே வருகிறது?

கைப்பேசியைக் கணினியின் கம்பியில்லா ஒலிவாங்கியாக மாற்றித் தரும் செயலிகள் நம் ஆய்வுத் துறைகளுக்குள் எவ்வித விவாதமும் இன்றி நுழைந்துவிட்டன. 2020இல் வகுப்புகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது மடிக்கணினியின் ஒலிவாங்கி போதவில்லை என்று தொடங்கிய தற்காலிக ஏற்பாடு இது. இன்று மொழியியல் மாணவர்களின் களப்பணி வரைக்கும் நீண்டிருக்கிறது. வகுப்புக்கும் கருத்தரங்குக்கும் இது நல்ல ஏற்பாடு. ஒலியியல் ஆய்வுக்கும் மொழி ஆவணப்படுத்தலுக்கும் ஆகாத ஏற்பாடு. இந்த வேறுபாட்டை நம் துறைகள் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் இந்த ஏற்பாட்டின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். வோ மைக், ட்ராய்ட்கேம் போன்ற செயலிகளைக் கைப்பேசியிலும், அவற்றின் துணை மென்பொருளைக் கணினியிலும் நிறுவினால், கைப்பேசியில் பேசுவது வைஃபை, புளூடூத் அல்லது யுஎஸ்பி கம்பி வழியே கணினியை அடைகிறது. கணினியோ அதை வழக்கமான ஓர் ஒலிவாங்கியாகவே எண்ணிக்கொள்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் வென்ச்சுராவில் ஐபோனை நேரடியாக மேக் கணினியின் ஒலிவாங்கியாக்கும் வசதியை இயங்குதளத்திலேயே சேர்த்துவிட்டது. கருத்தரங்க மேடையில் மடிக்கணினி ஓரிடத்திலும் பேசுபவர் வேறிடத்திலும் இருக்கையில் இவ்வசதியின் பயன் கண்கூடு. திறந்தவெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் நேரொலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 160 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் மடிக்கணினிக்குப் பதிலாக 20 சென்டிமீட்டர் தொலைவில் கைப்பேசி இருந்தால் ஏறக்குறைய 18 டெசிபெல் ஆதாயம். மின்விசிறி, விசைப்பலகை ஆகியவற்றின் இரைச்சலும் பின்னுக்குப் போகும். மாணவருக்குப் பாடம் தெளிவாகக் கேட்கிறது. அங்கே நோக்கம் நிறைவேறிவிடுகிறது.

ஆனால் களப்பணிப் பயிலரங்குகளில் இப்போது வேறோர் அறிவுரையும் கேட்கிறது: மடிக்கணினியில் பதிவு மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள், கைப்பேசியைத் தகவலாளரின் அருகில் வையுங்கள், கம்பியில்லாமல் இணைத்து நேரே கணினியில் பதிவுசெய்யுங்கள், கோப்பை மாற்றும் வேலை மிச்சம் என்கிறார்கள். இந்த அறிவுரையைத்தான் நான் மறுக்கிறேன். கேட்பதற்குத் தெளிவாக இருப்பது வேறு, அளப்பதற்குத் தகுதியாக இருப்பது வேறு. மனிதச் செவி பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற நோக்கில் வடிவமைக்கப்பட்ட வழி, ஒலியின் எந்தக் கூறுகளைத் துறக்கலாம் என்று நம்மைக் கேளாமலே முடிவுசெய்கிறது. அந்தத் துறப்பு மூன்று நிலைகளில் நிகழ்கிறது.

முதலாவது அலைவரிசை. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை ஒலியைப் பதிய வேண்டுமானால் அதன் இருமடங்குக்கும் கூடுதலான வீதத்தில் மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும் என்பது முதலாண்டு ஒலியியல் பாடம். புளூடூத்தைப் பேச்சுக்குப் பயன்படுத்தும் வழக்கமான முறையில் பழைய குறிமுறை நொடிக்கு 8,000 மாதிரிகளை மட்டுமே எடுக்கிறது. பிற்பாடு வந்த அகல்வரிசைக் குறிமுறை 16,000 எடுக்கிறது. அதாவது முன்னதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், பின்னதில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒன்றுமே இராது. கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுத் தகவலாளரின் காதில் கம்பியில்லாச் செவிப்பேசியைப் பொருத்தும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் பதிவு செய்கிறார்கள். 'ஸ்' என்னும் உரசொலியின் ஆற்றல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குவிந்திருக்கிறது. பல பெண்களின் குரலில் அது 8,000ஐயும் தாண்டிச் செல்கிறது.

இதன் விளைவை உணர நீலகிரியின் தோடா மொழியை எண்ணிப் பாருங்கள். சீறலோசை உரசொலிகளை நான்கு இடங்களில் வேறுபடுத்தும் அரிய மொழி அது. அதன் உருளொலிகளும் மூன்று வகை. 1990களில் பீட்டர் லேடிஃபோகடும் பெரி பாஸ்கரராவும் தம் குழுவினரோடு செய்த ஆய்வுகளால் உலக ஒலியியல் நூல்களில் தோடாவுக்கு நிலையான இடம் கிடைத்தது. அந்த நான்கு உரசொலிகளின் நிறமாலையை 4,000 ஹெர்ட்ஸில் வெட்டப்பட்ட பதிவிலிருந்து ஒப்பிட முயன்றால், வேறுபாட்டைத் தாங்கும் பகுதியில் பெரும்பங்கை நாமே வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதில் தேடிக்கொண்டிருப்போம்.

கீழ்முனையிலும் இதே சிக்கல் உண்டு. மரபான தொலைபேசி வரிசை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். குஜராத்தியின் மூச்சுக்குரல் உயிர்களை இயல்பான உயிர்களிலிருந்து பிரித்தறிய முதல் இரு சீரிசைகளின் அளவு வேறுபாட்டை நாம் கணக்கிடுகிறோம். ஆடவர் குரலில் அந்த முதல் சீரிசை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். 300க்குக் கீழ் வெட்டப்பட்ட பதிவில் அதை அளப்பது எப்படி? மூடுயிர்களின் முதல் ஒலிப்பட்டை தொலைபேசிப் பதிவில் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும் என்பதைத் தடயவியல் ஒலியியலார் நீண்டகாலமாக எச்சரித்து வருகிறார்கள்.

இரண்டாவது, தானியங்கித் திருத்தங்கள். உரையாடலுக்கென ஒலியை எடுக்கும்போது கைப்பேசியும் கணினியும் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவுச் சமன் ஆகியவற்றைப் பெரும்பாலும் தாமாகவே இயக்குகின்றன. இரைச்சல் எது, பேச்சு எது என்பதை முடிவுசெய்வது ஒரு கணிப்புமுறை. தொடர்ச்சியான சீறலும் மெல்லிய மூச்சும் அதன் கணிப்பில் இரைச்சலுக்கு நெருக்கமானவை. மிசோ மொழியின் ஒலிப்பிலா மூக்கொலிகளை இப்படிப்பட்ட வழியில் பதிவுசெய்தால், தகவலாளர் அவ்வொலியை மெலிதாக உச்சரித்தாரா, மென்பொருள் மெலியச் செய்ததா என்று பிற்பாடு பிரித்தறிய முடியாது. ஒலியளவுச் சமன் இயங்கினால் அழுத்தம் பற்றிய எந்த அளவீட்டையும் நம்ப இயலாது.

மூன்றாவது, காலம். என் பார்வையில் இதுவே மிகக் கடுமையானது. வைஃபை வழியே ஒலி சிறுசிறு பொதிகளாகப் பயணிக்கிறது. சில பொதிகள் தாமதமாக வரும், சில வரவே வராது. நிகழ்நேரப் பேச்சுக்கான மென்பொருள்கள் பல, அந்த இடைவெளியை முன்பின் ஒலியிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. தாமதத்தைச் சரிக்கட்ட ஒலியைச் சற்றே நீட்டவும் சுருக்கவும் செய்கின்றன. உரையாடலில் இதை நாம் கவனிப்பதே இல்லை. கவனிக்காமலிருப்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. ஆனால் ஆய்வுத் தரவில் இதன் பொருள் என்ன? நிறமாலை வரைபடத்தில் நாம் அளக்கும் சில பத்து மில்லிநொடிகள் எவர் வாயிலிருந்தும் பிறவாதவையாக இருக்கக்கூடும். குறில் நெடில் வேறுபாடும் ஒற்றை மெய், இரட்டை மெய் வேறுபாடும் காலத்தாலேயே நிற்கும் மொழிகள் நம்முடையவை. வெடிப்பொலியின் ஒலிப்புத் தொடக்கக் காலத்தை மில்லிநொடியில் எழுதிவிட்டு, அந்த மில்லிநொடிகளை மென்பொருள் நீட்டியிருக்கலாம் என்பதை எழுதாமல் விட்டால் அது அறிவியலாகாது. இவற்றோடு கைப்பேசியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகும். அந்த விலகலையும் மென்பொருள் எங்கோ வெட்டியோ ஒட்டியோ ஈடுகட்டும்.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் தொலைநிலைப் பதிவு பெருகியபோது செல்சி சாங்கரும் அவருடைய யேல் பல்கலைக்கழகத்துச் சக ஆய்வாளர்களும் கருவிகளையும் மென்பொருள்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2021இல் 'லாங்குவேஜ்' இதழில் வெளியிட்டார்கள். கருவியும் மென்பொருளும் ஒலியியல் அளவீடுகளை மாற்றுகின்றன என்பது அவர்களின் முடிவு. ஒரே வழியில் பதிந்த தரவுக்குள் பல வேறுபாடுகள் புலப்படத்தான் செய்யும். வெவ்வேறு வழிகளில் பதிந்தவற்றை ஒன்றாகக் கலந்து ஒப்பிடுவதில்தான் பெரிய ஆபத்து. நம் துறைகளில் நடப்பதோ அந்தக் கலப்புதான். ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியில், இன்னொருவர் வைஃபை வழியே, மூன்றாமவர் வாட்ஸ்அப் குரல் செய்தியாக. எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து சேர்கின்றன.

கேட்கப் பொருள் புரிகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வாய்மொழி வரலாறு தொகுப்பவருக்குப் போதும். பேச்சறிதல் மென்பொருளைப் பழக்கத் தரவு திரட்டுபவருக்கும் போதும். பயனர்கள் எந்தக் கைப்பேசியில் பேசப்போகிறார்களோ அதே தரத்தில் தரவு இருப்பது அங்கே பொருத்தமும்கூட. மொழி ஆவணப்படுத்தலுக்குப் போதாது. ஏனெனில் நாம் இன்று எந்தக் கேள்விக்காகப் பதிகிறோமோ அந்தக் கேள்விக்கு மட்டும் அப்பதிவு பயன்படப் போவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 10,000க்கு மேற்பட்டோர் பேசும் மொழிகளாக 121ஐப் பட்டியலிட்டது. அந்த எல்லைக்குக் கீழுள்ள மொழிகளுக்காகவே 2013இல் நடுவண் அரசு அருகிவரும் மொழிகளுக்கான திட்டத்தைத் தொடங்கி மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இம்மொழிகளில் சிலவற்றுக்கு இரண்டாம் பதிவு என்பதே வாய்க்காமல் போகலாம். அந்தமானின் போ மொழியை இறுதியாகப் பேசிய போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அன்விதா அப்பி போன்றோர் அவரிடமிருந்து பதிந்தவைதான் இன்று அவர் குரலில் எஞ்சியிருப்பவை. வெட்டுப்பட்ட அலைவரிசையோடு ஒரு பதிவு இருந்தால் அதை மீட்க எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. இல்லாததை ஊகித்து நிரப்பும் மென்பொருள் வரலாம், அது சான்றாகாது.

கிரியர்சனின் இந்திய மொழிகளின் நில அளவையை ஒட்டி 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளை இன்று நாம் கேட்கிறோம். அவற்றுள் பல மின் ஒலிவாங்கி பரவுவதற்கு முந்தியவை. கொம்பின் வழியே பதியப்பட்டதால் உயர் அதிர்வெண்கள் அவற்றில் இல்லை. அந்தத் தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. நம் சட்டைப்பையிலிருக்கும் கருவியோ நொடிக்கு 48,000 மாதிரிகளை எடுக்கவல்லது. அதை வைத்துக்கொண்டு தொலைபேசி வரிசையில் பதிவுசெய்தால் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இங்கே பொருளாதாரத்தை மறந்து பேசுவது நேர்மையாகாது. நடுவண் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்கான மாதத் தொகை 2012இல் 8,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தரமான பதிவுக் கருவியும் தலையணி ஒலிவாங்கியும் வாங்கினால் சில மாதங்களின் தொகை கரைந்துவிடும். துறையில் ஒரே ஒரு கருவி, அதற்கும் வரிசை. இந்நிலையில் கைப்பேசியைப் பயன்படுத்தாதே என்று சொல்வது வசதி உள்ளவரின் அறிவுரை. நான் சொல்வது அதுவன்று. கைப்பேசியைக் குழாயாகப் பயன்படுத்தாதீர்கள், பதிவுக் கருவியாகப் பயன்படுத்துங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

செய்முறை எளிது. சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதியும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கத்தையும் ஒலியளவுச் சமனையும் அணைக்க அது இடம்தர வேண்டும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் பதப்படுத்தாத ஒலியைச் செயலிகள் கேட்டுப் பெறும் வசதி இருக்கிறது, எல்லாக் கைப்பேசிகளும் தராவிட்டாலும். விமான நிலையில் வைத்து, வாய்க்கு நேர் எதிராக அன்றிச் சற்றுப் பக்கவாட்டில், 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 346 மெகாபைட்; இன்றைய கைப்பேசிக்கு அது பொருட்டல்ல. பிறகு கம்பி வழியே கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பதியும்போதே கணினித் திரையில் பார்க்க வேண்டிய தேவை இருந்தால் அதற்கு இன்னொரு கருவியைக் கம்பியில்லாமல் இணையுங்கள். மூலப்பதிவு முதல் கைப்பேசியில் இருக்கட்டும்.

களத்துக்குப் போகுமுன் ஒரு சோதனை. 'ஸ்', 'ஷ்' என்று நீட்டி ஒலித்துப் பதிந்து, பிராட் மென்பொருளில் 0 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை நிறமாலையைப் பாருங்கள். 4,000இலோ 8,000இலோ கத்தியால் அறுத்ததுபோல் வெறுமை தொடங்கினால் உங்கள் வழியில் எங்கோ வெட்டு இருக்கிறது. கோப்பின் பண்புகளில் 48,000 என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 8,000இல் வந்த ஒலியை 48,000 என்று பெயரிட்டுச் சேமிப்பது கணினிக்கு எளிய வேலை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

துறைகளிடமும் நெறியாளர்களிடமும் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, களப்பணித் தாளில் ஒரு வகுப்பையாவது ஒலி வாயிலிருந்து கோப்பு வரை வரும் வழியைக் கற்பிக்க ஒதுக்குங்கள். மற்றொன்று, ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் கருவியின் பெயரோடு நில்லாமல் செயலி, இணைப்பு முறை, மாதிரி வீதம், இயங்கிய திருத்தங்கள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். தகவலாளரின் வயதையும் ஊரையும் பதிவு செய்யும் நாம், அவர் குரல் கடந்துவந்த பாதையை மட்டும் ஏன் பதிவு செய்வதில்லை? வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் முறையைக் குடையும் தேர்வாளர்கள் இதையும் கேட்கத் தொடங்கினால் ஓரிரு ஆண்டுகளில் பழக்கம் மாறிவிடும்.

ஏற்கெனவே கம்பியில்லா வழியில் பதிந்த தரவு வைத்திருப்போர் அதை வீசியெறிய வேண்டியதில்லை. சொல்லகராதிக்கும் தொடரியலுக்கும் கதைத் தொகுப்புக்கும் அது முழுமையாகப் பயன்படும். எந்த அளவீட்டுக்குப் பயன்படாது என்பதை மட்டும் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள். உங்கள் கைப்பேசியில் சோதனை செய்து பார்த்தவர்கள் கருவியின் பெயரையும் நிறமாலைப் படத்தையும் பின்னூட்டத்தில் இடுங்கள். எந்தக் கைப்பேசி எதைத் தருகிறது என்று நமக்குள் ஒரு பட்டியல் உருவானால், அடுத்து களத்துக்குப் போகும் மாணவருக்கு அது உதவும்.