குணமாகாதவருக்கும் சாட்சி உண்டு!

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி படர்ந்திருக்கும். பறிப்புக் காலத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறுவார்கள். ஏணி கொஞ்சம் புரண்டால் போதும்... வத்தலக்குண்டில் என்னைத் தேடி வருகிறவர்களில் இப்படி விழுந்தவர்களும் உண்டு.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இளைஞரைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனேன். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆபரேஷன் முடித்து, "இனி நடப்பது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தைலம், தொக்கணம் என்று ஏதாவது செய்து நடக்க வைக்க முடியுமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நசுங்கின தண்டுவடத்தை எந்தத் தைலமும் சரியாக்காதுப்பா" என்று உண்மையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் ஆண்டவர் சித்தம். ஜெபம் பண்ணு. நீயும் ஒருநாள் சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுவே" என்றும் சொல்லி வைத்தேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நடந்தாத்தானே ஐயா சாட்சி? நடக்காதவன் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் யார்? நோய் வந்தது, ஜெபித்தேன், சுகமானேன் என்பவர்கள்தான். அவர்கள் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெபித்தும் சுகமாகாதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது அவர் மனசு என்ன பாடுபடும்? தன் கஷ்டத்துக்கு மதிப்பே இல்லை, தன் விசுவாசத்தில்தான் ஏதோ ஓட்டை என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா?

அந்த இளைஞருக்குப் பதில் தேடியபோது எனக்கு நினைவு வந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925ல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியில் இருந்தார். 1954ல் உல்லாசப் பயணம் போனபோது கார் விபத்து. முகத்தில் காயம். இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய வயதில் படுக்கை!

அவரை டாக்டர் பால் பிராண்ட் மறுபடி வேலைக்கு அழைத்தார். தொழுநோயில் நரம்பு பாதித்து மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர வைக்கும் அறுவைச் சிகிச்சையில் முன்னோடி அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள். அந்த நோயாளிகளுக்குக் கைகளில் உணர்ச்சி இல்லை. டாக்டரம்மாவுக்குக் கால்களில் உணர்ச்சி இல்லை. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று அவர் வாயால் சொல்லவே வேண்டியதில்லை!

பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ல் வேலூரில், உள்நோயாளிகளைத் தங்க வைத்துப் பயிற்சி தரும் மறுவாழ்வு மையம் உருவானது. நாட்டிலேயே இதற்கு முன்னோடி அதுதான். 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986ல் காலமானார். கடைசிவரை அவர் நடக்கவில்லை. ஆனால் விழுந்து, அடிபட்டு, தண்டுவடம் முறிந்து வந்த எத்தனையோ பேருக்கு அந்த மையத்தில் வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. இது சாட்சி இல்லையென்றால் வேறு எது சாட்சி?

யோவான் சுவிசேஷத்தில், பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள், "யார் செய்த பாவம்?" என்று கேட்கிறார்கள். இவனுடையதும் இல்லை, பெற்றவர்களுடையதும் இல்லை என்கிறார் இயேசு. பவுலும் தன் உடம்பின் முள் நீங்க மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. ஆனால் அவர் ஊழியம் நிற்கவும் இல்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: துன்பம் ஏன் வந்தது என்று விசுவாசம் எல்லா நேரமும் விளக்கம் சொல்வதில்லை. வந்த துன்பம் யாருக்குப் பயன்படும் என்று காட்டுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைத்துப் பார்க்காதீர்கள், உருவி விடாதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஜெபமும் செய்யுங்கள். ஆனால் "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாட்சி சொல்லு" என்று வற்புறுத்தவும் வேண்டாம். அது அவர் மனசு ஆறித் தானாக வரவேண்டியது.

மேரி வர்கீஸின் கதையை அந்த இளைஞரிடம் போய்ச் சொன்னேன். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் மிளகுப் பறிப்பில் இன்னொருவர் விழுந்தார். "நீ கொஞ்சம் பேசுறியாப்பா?" என்று போன் செய்து கேட்டேன். பேசினார். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரள்வது, மூத்திரக் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது, ராத்திரி அழுகை வந்தால் என்ன செய்வது... முக்கால் மணி நேரம்! போனை வைக்கும் முன் அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "நானும் படுத்துத்தான் கெடக்கேன் அண்ணே. எப்ப வேணா கூப்பிடுங்க."

நான் கேட்ட சாட்சிகளிலேயே பெரியது அதுதான்.