பின்பக்கம் தூக்கி நிற்கும் வண்டி

காலியாக நிற்கும் பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் சற்றுத் தூக்கியும் மூக்கு தாழ்ந்தும் இருக்கும். இது சிலர் கண்ணுக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் இந்த உறுத்தலை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘லெவலிங் கிட்’ என்று விற்கிறார்கள். முன் ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தைச் செருகி மூக்கைத் தூக்கி, வண்டியை மட்டமாக்கி, கிடைத்த இடைவெளியில் பெரிய டயரை மாட்டிவிடுவார்கள். தார், வி-கிராஸ் வைத்திருக்கும் நம் ஊர் இளைஞர்களுக்கும் அந்த ஆசை தொற்றியிருக்கிறது. அது அவர்கள் பணம், அவர்கள் பாடு. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே குஜிலியம்பாறை, பாளையம், எரியோடு பக்கம் ஓடும் பிக்கப்களில் நடப்பது வேறு. இங்கே யாரும் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏற்கெனவே தூக்கி நிற்கும் பின்பக்கத்தை, கூடுதல் ஸ்பிரிங் பட்டை கட்டி இன்னும் தூக்குகிறார்கள். அதோடு ஒரு சைஸ் பெரிய டயர். அமெரிக்கக்காரர் காலி வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்கிறார். நம்மவர் அளவுக்கு மேல் ஏற்றிய பிறகும் மட்டமாக நிற்க வேண்டும் என்கிறார். இரண்டு பேரும் கைவைப்பது ஒன்றில்தான்: காலி வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தூக்கி நிற்கும் அந்த உயர வித்தியாசத்தில்.

அந்த வித்தியாசம் தயாரிப்பாளர் செய்த பிழை என்றால் கைவைப்பதில் தப்பில்லை. ஆனால் அது பாரத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். சொன்ன பாரத்தை ஏற்றியதும் பின்பக்கம் படிந்து வண்டி மட்டத்துக்கு வரும். அதற்கு மேல் ஏற்றினால் மட்டத்தையும் தாண்டிக் கீழே போகும். வாய் இல்லாத வண்டி ‘போதும்’ என்று சொல்ல இதைவிட்டால் வேறு வழி கிடையாது. இங்கத்திய தக்காளிக் கணக்கில் பெட்டி 14 கிலோ. 1.7 டன் என்று பெயரிலேயே எழுதி விற்கும் பிக்கப்பில் சுமார் 120 பெட்டி ஏற்றலாம். 160 பெட்டி ஏற்றினால் 2,240 கிலோ; 540 கிலோ அதிகம், காலிப் பெட்டிகளின் எடை தனி. கம்பெனிப் பட்டையோடு இருந்தால் அந்த 540 கிலோ, பின்பக்கம் அழுந்துவதில் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பட்டை கூடுதலாகக் கட்டிய வண்டியில் தெரியாது. பாரம் குறைந்துவிடவில்லை, அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்தான் போய்விட்டது.

ஓட்டுநர் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, எத்தனை பெட்டி ஏறியது என்று அவருக்குத் தெரியும். அந்த அடையாளத்தை நம்பி வேலை செய்கிற இன்னொன்று வண்டிக்கு அடியில் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒல்லியான கம்பி ஒன்று தொங்கும். அதன் மேல்முனை ஒரு சிறிய பிரேக் வால்வில் மாட்டியிருக்கும். பாரம் ஏறிச் சேஸிஸ் கீழே இறங்க இறங்க அந்தக் கம்பி வால்வைத் திறந்து, பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். இல்லையென்றால் லேசான பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வால் வீசும். ஆக, எத்தனை பெட்டி ஏறியிருக்கிறது என்று பிரேக் தெரிந்துகொள்வது பின்பக்கம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான். கூடுதல் பட்டை போட்டால் 2,240 கிலோ ஏறியும் சேஸிஸ் அந்த அளவுக்கு இறங்காது. ‘பாதி லோடுதான் போலிருக்கிறது’ என்று வால்வு முடிவுகட்டி, பின் பிரேக்குக்குப் பாதி மனதோடு எண்ணெய் அனுப்பும். எல்லாச் சுமையும் முன் பிரேக்கின் தலையில் விழும். வண்டி மட்டமாக, கம்பீரமாக, நிற்காமல் போகும்.

டயர் கதை இதைவிடச் சிறியது. 215/75 ஆர் 15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 ஆர் 15 டயருடையது சுமார் 733. டயருக்கு 30 மில்லிமீட்டர் கூடினாலும் அச்சு ஏறுவது அதில் பாதி, 15 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் பருமன்கூடத் தேறுமா என்பது சந்தேகம். அதற்குக் கொடுக்கும் விலை: ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போகிறது, இழுவை நான்கு சதவீதம் குறைகிறது, பிரேக்கும் அதே அளவு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பெரிய டயர் என்றால் அதிகம் தாங்கும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. தாங்கும் எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் துணி அடுக்கும் காற்றழுத்தமும்தான். டயரின் பக்கத்தில் 100 என்று குறியீடு இருந்தால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. கார் வகையில் வரும் அகலமான டயரைவிட, பார்க்க ஒல்லியாக இருக்கும் லாரி வகை 7.00 ஆர் 15 அதிக எடையைத் தாங்கும், ஏனென்றால் அதில் அதிகக் காற்று அடைக்கலாம். வள்ளுவர் மயிலிறகு வண்டியைச் சொன்ன குறளை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் முறிவது சக்கரம் இல்லை, அச்சு. அவர் அதை வைத்த அதிகாரமும் வலியறிதல். அதிகம் தாங்கும் டயரையே மாட்டினாலும் சக்கரத்தின் வலிமைதான் கூடுகிறது. அச்சு, ஹப், பேரிங், பிரேக் எல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன.

‘நல்ல மெக்கானிக் அந்த வால்வுக் கம்பியையும் சேர்த்தே அட்ஜஸ்ட் பண்ணிவிடுவார்’ என்பார்கள். பண்ணலாம், ஆனால் பாதிதான் சரியாகும். விறைப்பான பட்டையில் காலிக்கும் லோடுக்கும் இடையே வண்டி அசையும் தூரமே குறைந்துவிடுகிறது. லோடுக்குத் தோதாகக் கம்பியை வைத்தால், பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டிக்குப் பின் பிரேக் அளவுக்கு மீறிப் பிடிக்கும். தூறல் விழுந்த தார்ச்சாலையில் அது என்ன செய்யும் என்று ஓட்டுநர்களுக்கே தெரியும். காலிக்குத் தோதாக வைத்தால் லோடில் நிற்காது. ‘தோட்டத்துப் பாதை மேடுபள்ளம், அடி தட்டுகிறது’ என்பதும் நியாயமான குறைதான். ஆனால் அடி தட்டுவது பெரும்பாலும் பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல். அது அச்சோடு சேர்ந்தது. பட்டைக்கு மேலே இருக்கும் சேஸிஸை எவ்வளவு தூக்கினாலும் டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட ஏறாது. டயர் மாற்றினால் அந்த 15 மில்லிமீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். ‘2018 ஜூலையில் மத்திய அரசே அச்சு எடையைக் கூட்டிவிட்டதே’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகக் கூட்டியது உண்மை. அது கனரக லாரிகளின் அச்சுக்கான உச்சவரம்பு. மூன்றரை டன்னுக்குள் அடங்கும் பிக்கப்பின் பிரேக்கை அந்த அரசாணை பெரிதாக்கிவிடவில்லை.

வாடகைக் கணக்கை எடுத்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் பதில் சொல்வது கடினம். தக்காளி விலை விழுந்த நாளில், ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ அய்யலூருக்கோ பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஏற்றுகிற விவசாயிக்கு, 120 பெட்டிக்கும் 160 பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய லாபமே. இரண்டாவது நடை அடிக்க டீசலும் கட்டாது, நேரமும் இருக்காது, விடியற்காலை ஏலத்துக்குப் பிறகு வந்த சரக்குக்கு மதிப்பும் இருக்காது. இதற்கு முழுமையான பதில் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பட்டை கட்டியவருக்கு அந்த லாபம் நிலைப்பதில்லை. ஒருவர் 160 ஏற்றும்வரை அவருக்குக் கூடுதல் வருமானம். எல்லாரும் 160 ஏற்றத் தொடங்கியதும் வாடகையே அந்த அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம் பட்டை கட்டாதவருக்குப் பிழைப்பு இல்லை, கட்டியவருக்கு மிச்சமும் இல்லை. நிறுவனங்கள் 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை பிக்கப் விற்கின்றன. பெரிய ரகத்தில் கூடுதல் பட்டையோடு அதற்கேற்ற அச்சும் பிரேக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலை வித்தியாசம் உறைக்கும்தான். பட்டறையில் பட்டை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே மற்றதெல்லாம் அதில் சேராததுதான்.

சட்டம் இந்த விஷயத்தில் குழப்பமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000. தொகையெல்லாம் பெரியதுதான். ஆனால் எஃப்.சி. நாளன்று பழைய டயரை மாட்டிக்கொண்டு போய், மறுநாள் பெரியதை மாட்டிக்கொள்கிறார்கள். பட்டையைக் கழற்றும் சிரமம்கூட யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளருக்கு நம் ஊரில் இன்றைக்கும் வழங்கும் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். யார் வைத்த பெயரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். காலி வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்தப் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பட்டை எத்தனை, அந்த ஒல்லிக் கம்பி மாட்டியபடி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். எத்தனை இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது.