தூண்டில் கோலின் முதுகும் நம் பிள்ளைகளின் அறிவியலும்



தூண்டில் கோலைக் கடையில் வாங்காமல் தாமே கட்டிக்கொள்வோர் நடுவே ஒரு வேதவாக்கு உலவுகிறது. "முதலில் கோலின் முதுகைக் கண்டுபிடி. அந்த முதுகுக் கோட்டிலேயே வளையங்களைக் கட்டு. தவறினால், பெரிய மீன் இழுக்கும்போது கோல் உன் கையிலேயே திருகிக்கொள்ளும்!" இதுவே அந்த வாக்கு. கிள்ளான் துறைமுகத்துப் படகுத்துறையில் நின்றாலும் கேட்கலாம். காசு கட்டி மீன்பிடிக்கும் குளத்தங்கரையில் அமர்ந்தாலும் கேட்கலாம்.

இவ்வாக்கின் முதற்பாதி உண்மை. பிற்பாதி பிழை. அந்தப் பிழையை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஒரு தண்ணீர்ப் புட்டியையும் ஓர் அளவுகோலையும் கொண்டு, ஒரே பாட வேளையில் கண்டறிந்துவிட முடியும். கண்டறிந்ததைச் சொல்ல அவனை நாம் விடுவோமா என்பதே என் கேள்வி. விடமாட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குத் தூண்டிலோடு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சூது அதிகாரத்தில் தூண்டிலை உவமையாக்கிய வள்ளுவருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. நம்மவர் பலருடைய தாத்தாக்கள் தோட்டத்துக் கால்வாயில் மூங்கில் குச்சியும் நைலான் நூலுமாக நின்றவர்களே. இன்றும் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கம்யூட்டர் தொடர்வண்டி ஏறினால், கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை சென்று இறங்கலாம். இறங்கிய இடத்தில் கடலும் கெத்தாம் தீவுக்குப் போகும் படகும் காத்திருக்கும். நம் மாணவர் பலர் தந்தையோடு மீன்பிடிக்கப் போகிறவர்கள். அவர்கள் அறிந்த பொருளிலிருந்து அறிவியலைத் தொடங்குவதில் இழிவு ஏதுமில்லை.

முதுகு என்பது யாது?

மூங்கில் கோலுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டில், மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஆறு கீற்றுகளை ஒட்டிச் செய்த அறுகோணக் கோல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோலும், 1970களில் கரியிழைக் கோலும் பரவின. வளையமும் பிடியும் பொருத்தப்படாத வெறுங்கோலைத்தான் பிளாங்க் என்கிறார்கள்.

அது செய்யப்படும் முறை எளிது. பிசின் ஊட்டிய இழைத்துணியை அளவாக வெட்டுகிறார்கள். நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் வழவழப்பான எஃகுத் தண்டின்மேல் அத்துணியை இறுக்கமாகச் சுற்றுகிறார்கள். அதன்மேல் மெல்லிய நாடாவைச் சுற்றி, உலையில் வேகவைத்து, ஆறியபின் எஃகுத் தண்டை உருவி எடுக்கிறார்கள். எஞ்சுவது உள்ளீடற்ற குழல்.

துணிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டல்லவா? அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் குழலின் சுவர் சற்றுத் தடித்துவிடுகிறது. ஆகவே கோல் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக வளைவதில்லை. ஒரு திசையில் விறைப்பு சிறிது கூடுதலாகும். இதையே முதுகு என்றும், ஸ்பைன் என்றும் அழைக்கிறார்கள். இதுவரை எல்லாம் உண்மை. முதுகே இல்லை என்று நான் வாதாடவில்லை.

தேடும் முறையும் கண்கூடானது. கோலின் அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனிப்பக்கத்தை ஒரு கையில் தாங்கி, நடுப்பகுதியை மறுகையால் அழுத்தி உருட்டுவார்கள். உருளும் கோல் ஓரிடத்தில் 'டக்'கெனத் துள்ளித் தானாகவே அமரும். உடனே அங்கே ஒட்டுநாடாவால் அடையாளமிட்டு, "இதுதான் முதுகு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

வேதவாக்கு சறுக்கும் இடங்கள்

1. பெயரிலேயே குழப்பம். கோல் துள்ளி அமர்ந்தபின், வளைவின் உட்பக்கமே முதுகு என்பார் ஒருவர். வெளிப்பக்கமே முதுகு என்பார் இன்னொருவர். இருவரும் "முதுகில் வளையம் கட்டு" என்றே சொல்வார்கள். ஒருவர் கோலின் மேலே கட்ட, மற்றவர் கீழே கட்டுகிறார். இருவர் கோலும் மீன் பிடிக்கிறது! விதி அவ்வளவு கறாரானது என்றால் இது எப்படி நடக்கும்?

2. உருட்டும் சோதனை இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. உங்கள் மேசையிலிருக்கும் நெகிழி அளவுகோலை எடுங்கள். அகலப் பக்கத்தை அழுத்தினால் எளிதில் வளைகிறது. விளிம்புப் பக்கத்தை அழுத்தினால் மறுக்கிறது. ஆனால் அகலப் பக்கத்தை மேல்நோக்கி வளைத்தாலும் கீழ்நோக்கி வளைத்தாலும் ஒரே எளிமைதான். கோலும் அப்படியே. நேரான கோலில் விறைப்பு மட்டும் மாறுபட்டால், உருட்டும்போது ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு இடங்களில் அது அமர வேண்டும். ஒரே இடத்தில்தான் அமர்கிறது என்றால், கோல் பிறவியிலேயே சிறிது கோணலாக இருக்கிறது என்று பொருள். உலையிலிருந்து வரும் கோல்களில் முற்றிலும் நேரானது அரிது. பலர் முதுகு என்று அடையாளமிடுவதில் அந்தக் கோணலும் கலந்திருக்கிறது.

3. கோல் திருகுவதற்கு முதன்மைக் காரணம் முதுகன்று. வளையங்கள் இருக்கும் பக்கமே காரணம். கையில் தொங்கவிட்ட வாளி அசைந்தாலும் தன் நிலைக்குத் திரும்பும். கோலின் மேல் நிறுத்திவைத்த வாளி சற்றே சாய்ந்தாலும் சரிந்துவிடும். கோலுக்கு அடியில் ரீல் தொங்கும் வகையில் வளையங்களும் அடிப்பக்கமே இருப்பதால், அது தொங்கும் வாளி. ரீலும் வளையங்களும் மேற்பக்கம் அமையும் வகை, நிறுத்திவைத்த வாளி. மீன் இழுக்கும்போது நூல் வளைவின் உட்பக்கம் போகத் துடிக்கும். மேலே நிற்கும் வளையங்களையும் தன்னோடு இழுத்துப் புரட்டப் பார்க்கும். வளையம் உயரமாக இருந்தால் அந்த முறுக்குவிசையும் கூடும். முதுகு எங்கே இருந்தாலும் இந்த இயல்பு மாறாது. இதனால்தான் கட்டுநர் சிலர், ரீலருகே மேற்பக்கம் தொடங்கும் வளையங்களைப் படிப்படியாகப் பக்கவாட்டில் இறக்கி, நுனியில் அடிப்பக்கம் கொண்டுபோய் முடிக்கிறார்கள். சுருளாகக் கட்டும் அம்முறை திருகலை அடக்கிவிடுகிறது. இக்காலத்தில் முதுகைத் தேடாமல், கோல் நேராகத் தோன்றும் பக்கத்தைப் பார்த்து வளையம் கட்டுவோரும் பலர்.

முதுகுக் கோட்டில் கட்டுவதால் கேடு வந்துவிடாது. விரும்பியவர் அப்படியே கட்டட்டும். "கட்டாவிட்டால் திருகும்" என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம்

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், அறிவியல் கண்காட்சி ஒன்றிற்கு இதையே ஆய்வாக எடுத்துக்கொண்டான். அவன் தந்தை ஓய்வு நேரத்தில் கோல் கட்டுபவர். பழைய கோல் ஒன்றின் அடியைத் தளர்வான பிவிசி குழாயில் செருகினான். வளையங்களை ஒட்டுநாடாவால் முதலில் முதுகிலும், பிறகு அதன் எதிர்ப்பக்கத்திலும், பின்னர் இரு பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி ஒட்டினான். ஒவ்வொரு முறையும் வளையங்கள் மேலே இருக்கும்படி வைத்து, நூலில் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டான். நான்கு முறையும் கோல் புரண்டது. வளையங்கள் கீழே இருக்கும்படி வைத்து மீண்டும் நான்கு முறை செய்தான். கோல் சிறிது அசைந்து அடங்கியது, புரளவில்லை. அட்டவணை போட்டு, கோணலான தன் கையெழுத்திலேயே முடிவையும் எழுதியிருந்தான்.

மதிப்பிட வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "இணையத்தில் வேறுமாதிரி போட்டிருக்கிறதே தம்பி. உன் முடிவு தவறு." கோலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் துணையாக நின்ற பெரியவர்களும், அடுத்த சுற்றுக்கு முன் அவன் முடிவை 'திருத்தி' அழகாகத் தட்டச்சு செய்து ஒட்டிவிட்டார்கள். மறு ஆண்டு அந்தப் பிள்ளை எரிமலை மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். சோடா மாவும் புளிக்காடியும் பொங்கி வழிந்தன. அனைவரும் கைதட்டினார்கள். அதில் யாரும் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் புதிதாகக் கண்டுபிடிப்பதற்கும் ஒன்றுமில்லை.

எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது நாம் எவ்வளவு குரல் கொடுத்தோம்! தாய்மொழியில் கற்றால்தான் பிள்ளை சிந்திப்பான் என்று மேடைதோறும் முழங்கினோம். 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தபோது மகிழ்ந்தோம். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைத் தமிழில் மனப்பாடம் செய்வதற்காகவா அந்தப் போராட்டம்? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. "அட்டவணையில் என்ன வந்ததோ அதை எழுதாதே, விடைத்திட்டத்தில் என்ன இருக்குமோ அதை எழுது" என்னும் பழக்கத்தை யார் நீக்குவது?

கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். கருதுகோள் பொய்த்துப் போகவும் கூடும் என்பதை அவர்கள் என்றாவது கண்டிருக்கிறார்களா? விளக்கிலிருந்து தூரம் கூடினால் நிழல் என்னாகும் என்று செய்துபார்க்கும் முன்பே அனைவருக்கும் விடை தெரியும். விடை தெரிந்த ஆய்வுக்கு ஆய்வு என்ற பெயர் எதற்கு?

வரக்கூடிய மறுப்புகள்

"வல்லுநர் சொன்னதைச் சிறுவன் மறுக்கலாமா?" என்பீர்கள். மறுக்கட்டும். அவன் மறுப்பு பிழையானால், இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். அளவைக் கொண்டு அளவைத் திருத்துங்கள். அதிகாரத்தைக் கொண்டு திருத்தாதீர்கள். பெரியோரை மதிப்பது நம் பண்பாடு. அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது அந்த மதிப்பைக் குறைத்துவிடாது.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். உண்மைதான், நானும் அதே பாரத்தைச் சுமப்பவன்தான். ஆனால் பிள்ளைகள் வேலைப்பாட்டைப் பலகையில் ஒட்டுவதற்கும் ஒப்பனை செய்வதற்கும் நாம் செலவிடும் மாலை நேரங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

"என் பிள்ளை மருத்துவராக வேண்டும், மீனவராக அல்ல" என்று சில பெற்றோர் சொல்வார்கள். ஐயா, அம்மா, நாளை அந்த மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது நூலில் படித்ததும் கண்முன் தெரிவதும் முரண்பட்டால் எதை ஆராய வேண்டும்? அந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் திடீரென முளைக்காது.

என்ன செய்யலாம்?

செலவு மிகக் குறைவு. பழைய கோலின் நுனித்துண்டு ஒன்று போதும்.

அடியை மேசை விளிம்பில் இறுகக் கட்டுங்கள். சுற்றிலும் சம இடைவெளியில் எட்டுக் கோடுகள் குறியுங்கள். முதல் கோடு மேலே இருக்கையில் எடையின்றி நுனியின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். பிறகு 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு மீண்டும் உயரத்தை அளக்கட்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே வளைவு. இவ்வாறு கழித்துப் பார்ப்பதால் கோலின் பிறவிக் கோணல் கணக்கிலிருந்து நீங்கிவிடும். கோலைத் திருப்பி, அடுத்த கோடு மேலே வரும்படி கட்டி, எட்டுத் திசைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

சில திசைகளில் வளைவு கூடும், சிலவற்றில் குறையும். முதுகு உண்மை என்று பிள்ளைகள் அறிவார்கள். நேரெதிர்த் திசைகளில் ஏறக்குறைய ஒரே அளவு வருவதையும் காண்பார்கள். அப்போது கேளுங்கள்: "அப்படியானால், உருட்டும்போது மட்டும் ஏன் ஒரே இடத்தில் அமர்ந்தது?" விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் காத்திருங்கள். வீட்டுக்குப் போய் அப்பாவின் கோலை உருட்டிப் பார்க்கட்டும்.

பெற்றோர்களே, கண்காட்சிக்கான பலகையைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஆசிரியர்களே, மதிப்பிட அழைக்கப்பட்டால் முதலில் முடிவைப் படிக்காதீர்கள். "இதை எப்படி அளந்தாய்? இன்னொரு முறை என் முன்னே செய்து காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை செய்து காட்டினால், இணையம் என்ன சொன்னாலும் அந்த அளவுக்கே மதிப்பெண் கொடுங்கள்.